முழிமுகம்

தென்மேற்குப் பருவமும் வடகிழக்குப் பருவமும் ஒன்றன் வாலை ஒன்று பிடித்துக்கொண்டு வரத் தொடங்கிய பிறகு, கட்டைத்தீவில் வைகாசியில் பிடித்த மழை தை பிறந்துதான் விட்டது. இடையில் ஒரு பொழுது வானம் வெறிக்கும். ஜனங்கள் ஈரப் போர்வையைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடுவதற்குள் மறுபடி இருட்டிக்கொள்ளும்.

தீவில் இருந்தது ஒரு ரப்பர் தோட்டமும் அதன் ஜனங்களும்தான். மழையில் ரப்பர் மரத்தை வெட்ட முடியாது. வெட்டினால் பால் சிரட்டையில் இறங்காமல் மழைத்தண்ணீரோடு பட்டையில் வழிந்து மண்ணுக்குப் போய்விடும். வேலை இல்லாவிட்டால் கூலி இல்லை. கடல் அடங்காத மாதங்களில் அரிசிக் கப்பலும் வராது. முதல் சில வருஷங்கள் மரவள்ளியும் கருவாடுமாக ஓட்டிப் பார்த்தார்கள். ஓட்டம் நின்று, பிள்ளைகள் வயிறு ஊதிச் சாகத் தொடங்கியதும் தோட்ட நிர்வாகம் படுக்கைகளைக் கொண்டுவந்து இறக்கியது.

நிர்வாகத்தின் காகிதங்களில் அதற்கு நீளமான பெயர். ஜனங்கள் ‘கிடை’ என்றார்கள். ரப்பர் ஷீட்டுகளைப் புகைபோட்டு உலர்த்திய பழைய கொட்டகையைக் கழுவி, கண்ணாடி மூடி போட்ட படுக்கைகளை வரிசையாகப் பதித்திருந்தார்கள். கையில் ஓர் ஊசி. உடம்பு குளிர்ந்து, மூச்சு இருக்கிறதா இல்லையா என்று பக்கத்தில் இருப்பவனுக்கே சந்தேகம் வருகிற அளவுக்கு அடங்கி, ஆள் கிடப்பான். சோறு வேண்டாம், விறகு வேண்டாம், புருஷன் பெண்டாட்டி சண்டை இல்லை. மழை விட்டதும் எழுப்பிவிட்டால் கத்தியைத் தீட்டிக்கொண்டு மரத்துக்குப் போகவேண்டியதுதான். கொட்டகைக்குக் கீழே ஓடையில் சக்கரம் பொருத்தியிருந்தார்கள். மழை பெய்கிறவரை சக்கரம் சுற்றும். சக்கரம் சுற்றுகிறவரை கிடையில் குளிர் நிற்கும்.

எல்லோரும் படுத்துவிட்டால் யார் பார்ப்பது? அதற்காக நாலைந்து பேர் விழித்திருப்பார்கள். அவர்களுக்கு ‘முழிப்பாள்’ என்று பெயர். பூங்காவனம் கிடை வந்த நாளிலிருந்தே முழிப்பாள். படுத்தவர்களின் உடம்புக்கு மழைக்காலத்தில் வயது ஏறுவதில்லை என்பதால், அவளோடு ஒரே வருஷத்தில் தாலி கட்டிக்கொண்ட பெண்களெல்லாம் இன்னும் கறுத்த தலையோடு திரிந்தார்கள். அவள் மட்டும் அவர்களைப் பெற்றவள் மாதிரி ஆகியிருந்தாள்.

ஊரில் யாரும் அவளைப் படுக்க வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் கிடையில் ஒரு வழக்கம் உண்டாகிவிட்டது. சாதாரணத் தூக்கத்துக்கே, ‘இன்றைக்கு யார் முகத்தில் முழித்தோமோ’ என்று நொந்துகொள்கிற ஜனங்கள் அவர்கள். எட்டு மாதம் தூங்கி எழுகிறவன் யார் முகத்தில் முழிக்கிறானோ அந்த முகத்தின் ராசிதான் வருஷம் முழுக்க என்று ஆகிப்போனது. படுக்கும்போதே ஒவ்வொருவரும் ஒரு பெயரைச் சொல்லிவிட்டுப் படுப்பார்கள். எழுப்புகிற நேரத்தில் அந்த ஆள் குளித்துவிட்டு வந்து தலைமாட்டில் நிற்க வேண்டும். அந்த முகத்துக்கு முழிமுகம் என்று பேர். தாலி அறுத்தவளின் முகம் ஆகாது. பூங்காவனம் அறுத்தவள். மழைக்காலம் முழுவதும் அவர்களைத் துடைத்து, புரட்டிப் போட்டு, பாதத்துக்கு எண்ணெய் தேய்த்த பூங்காவனம், எழுப்புகிற நேரம் வந்ததும் கைகால் கழுவிக்கொண்டு தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போய் நின்றுகொள்வாள். யாரும் அவளை விரட்டியதில்லை. விரட்டும்படி அவள் வைத்துக்கொண்டதில்லை.

அந்த வருஷம் ஓடைச் சக்கரத்தைப் பார்க்க அவள் மகன் செங்கோடனுக்குச் சீட்டு விழுந்தது. பங்குனியில்தான் அவனுக்குக் கல்யாணம் ஆகியிருந்தது. மருமகள் சிந்தாமணி தனியாகப் படுக்க வேண்டியதாயிற்று.

படுக்கும் அன்று கம்பவுண்டர் இஸ்ரவேல் ஊசியை வைத்துக்கொண்டு கேட்டார்: “யார் முகம்?”

“இது என்னா கேள்வி? இந்தா நிக்குதே, இந்தக் கொரங்கு மூஞ்சிதான்.”

“மழை விடுறப்ப தாடி மொளச்சு கரடி மூஞ்சியாயிரும். பரவாயில்லயா?” என்றான் செங்கோடன்.

“வழிச்சிட்டு வந்து நிக்கணும். அத்தே, இவரு சோம்பேறிப்பட்டுக்கிட்டு வேற யாரயாச்சும் அனுப்பிருவாரு. நீங்கதான் கையோட இழுத்தாந்து நிறுத்தணும்.”

“நிறுத்துறேன். நீ படு” என்றாள் பூங்காவனம்.

மூடி இறங்கியது. கண்ணாடிக்குள் சிந்தாமணி உதட்டைச் சுழித்துப் புருஷனுக்கு வலிச்சம் காட்டினாள். அது பாதியிலேயே தூக்கமாயிற்று. மழை முடிகிறவரை அந்த வலிச்சத்தின் மிச்சம் அவள் முகத்தில் இருந்தது.

அதன் பிறகு மழைதான். முழிப்பாட்கள் ஐந்து பேர்: பூங்காவனம், செங்கோடன், கம்பவுண்டர், பக்கத்து வீட்டுச் சூசை, அவன் மனைவி ரோசம்மா. உப்பு வைத்த பானையில் தண்ணீர்தான் இருக்கும். மிளகாயில் பூசணம், சுவரில் பூசணம், செருப்பு வாரில் பூசணம். தீப்பெட்டியை இஸ்ரவேல் தன் மருந்துப் பெட்டிக்குள் பஞ்சில் பொதிந்து வைத்திருப்பார். ஈரத் துணியை அடுப்புக்கு மேலே கொடி கட்டிப் புகையில் காயவைத்ததால் எல்லோர்மேலும் கருவாட்டு வாடை வீசியது. தகரக் கூரையில் விழுகிற சத்தத்தில் ஒருவரோடொருவர் கத்திப் பேசிப் பேசி, மழை விட்ட பிறகும் முழிப்பாட்கள் கத்தியே பேசுவார்கள். அதை வைத்து ஊரார் கேலி செய்வதுண்டு. விரல் இடுக்கில் சேற்றுப்புண், கணுக்காலில் அட்டை. இதெல்லாம் அவர்களுக்குப் பழக்கம்.

ஆடி மாதம் ஓடையில் ஒரு பெரிய மரக்கொம்பு வந்து சக்கரத்தில் மாட்டிக்கொண்டது. செங்கோடனும் சூசையும் இறங்கி இழுத்தார்கள். கரை மண் இளகியிருந்ததால் மேலே நின்ற ரப்பர் மரம் சத்தமில்லாமல் சாய்ந்தது. சூசை விலகிக்கொண்டான். செங்கோடனுக்குப் பிடரியில் அடி. தூக்கிக்கொண்டு வந்து கிடத்தியபோது முகத்தில் ஒரு கீறல்கூட இல்லை.

பூங்காவனம் மகனின் தலையைத் துணியால் துடைத்தாள். ரோசம்மா மாரில் அடித்துக்கொண்டு ஒப்பாரிக்கு வாயெடுத்தாள்.

“சும்மா இரு” என்றாள் பூங்காவனம். “இப்ப அழுதா யாருக்குச் சாவுன்னு அழுவ? கட்டினவ தூங்குறா.”

“எழுப்பிருவமா?” என்று சூசை கம்பவுண்டரைப் பார்த்தான்.

“எழுப்பலாம். எழுந்திரிக்கிறது சிந்தாமணியா இருக்குமான்னு சொல்ல முடியாது” என்றார் இஸ்ரவேல். “குளுந்த உடம்பு மெதுவாத்தான் மழைக்காலத்தக் கடக்கணும். பாதியில சூடு ஏத்தினா மூள தாங்காது. சடையன அவங்கப்பன் சாவுக்குன்னு எழுப்புனமே. இன்னமும் போறவன் வரவன்கிட்ட தன் பேரக் கேட்டுக்கிட்டுத் திரியுறான்.”

பிறகு பூங்காவனம்தான் கேட்டாள்: “படுக்க ஒண்ணு மிச்சம் இருக்குல்ல?”

பழுது வந்தால் மாற்றுவதற்கென்று எப்போதும் ஒரு படுக்கையைக் காலியாக வைத்திருப்பார்கள். இஸ்ரவேலுக்கு அவள் கேட்டது உடனே புரியவில்லை. புரிந்ததும் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“உசுரோட இருக்கிறவங்களுக்குன்னு பண்ணது அது, பூங்காவனத்தம்மா.”

“அது சில்லுன்னுதான வச்சிருக்குது. உசுரு இருக்கா இல்லயான்னு மெசினு கேக்குதா?”

“கேக்காது.”

“அவ எழுந்திரிக்கிறப்ப இவன் மொகம் வேணும். நிறுத்துறேன்னு சொல்லிட்டேன். நிக்காட்டியும் போகுது, கெடக்கட்டும்.”

சூசைக்குப் பொறுக்கவில்லை. “அக்கா, தூங்குறவங்களுக்கு நடுவுல பொணத்தப் போடுறதா? பொணம் கெடந்த எடத்துல உசுரு தங்காதும்பாங்க. இத்தன பேரு தலயில வெனையா?”

“உன் தலயில ஏறுனா எங்கிட்ட வா. எறக்கி வைக்கிறேன்.”

அப்படித்தான் செங்கோடன் சிந்தாமணிக்கு அடுத்த படுக்கையில் வைக்கப்பட்டான். பூங்காவனம் வைக்கும் முன் அவனுக்குத் தாடியை வழித்தாள். அதன் பிறகு அவள் துக்கம் காக்கவில்லை. பதினாறு இல்லை, விளக்கு இல்லை. காலையில் கொட்டகைக்குப் போய் வரிசையாக எல்லோரையும் துடைத்துக்கொண்டே வருவாள். மகனையும் துடைப்பாள், அவன் பாதத்துக்கும் எண்ணெய் தேய்ப்பாள். மற்றவர்களுக்கு எவ்வளவோ அவ்வளவுதான், ஒரு சொட்டு அதிகமில்லை. ரோசம்மாதான் தன் வீட்டு அடுப்படியில், கூரைச் சத்தத்தின் மறைவில் இரண்டு நாள் அழுதாள். அது பூங்காவனத்துக்குத் தெரியும். கேட்டுக்கொள்ளவில்லை.

புரட்டாசி கழிந்து ஐப்பசி. ஒரு காலையில் சூசை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டான். முதல் நாள் வாயு என்றார்கள். ஓமத்தண்ணீர் கொடுத்தார்கள். மறுநாள் காய்ச்சல் கொதித்தது. வயிறு பலகையாக இறுகிவிட்டது. இஸ்ரவேல் அமுக்கிப் பார்த்துவிட்டு வெளியே வந்து ரோசம்மாவிடம் சொன்னார்.

“கொடல்வாலு. அறுத்து எடுக்கணும். நான் ஊசி போடுற ஆளு, அறுக்கிற ஆளு இல்ல. டாக்டர் வரணும்னா கடல் அடங்கணும்.”

“அதுவரைக்கும் தாங்குமா?”

“இப்பிடியே விட்டா தாங்காது. குளுர வச்சுட்டா, நோவும் அப்பிடியே தூங்கிரும். ஆனா படுக்க இல்லயே.”

படுக்கை இருந்தது. இருவருக்கும் தெரியும். இஸ்ரவேல் மருந்துப் பெட்டிக்குள் எதையோ தேடினார்.

ரோசம்மா தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு பூங்காவனத்தின் வீட்டுக்குப் போனாள். பூங்காவனம் புகையும் அடுப்பை ஊதிக்கொண்டிருந்தாள்.

“நான் ஒண்ணும் கேக்க வரலக்கா.”

“பின்ன என்னாத்துக்கு வந்த?”

“கொஞ்சம் உப்பு வாங்கிட்டுப் போவலாம்னு.”

“எங்கிட்ட மட்டும் உப்பு கல்லாவா இருக்கு? தண்ணிதான். மொண்டுக்க.”

ரோசம்மா மொள்ளவில்லை. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சாக்கிலிருந்து தண்ணீர் சொட்டியது. பூங்காவனம் அடுப்பை ஊதுவதை நிறுத்தவில்லை. ஊதாங்குழலிலிருந்து வாயை எடுத்துவிட்டு, திரும்பாமலே சொன்னாள்:

“பொணம் கெடந்த எடத்துல உசுரு தங்காதுன்னு உம் புருசன்தான சொன்னான்? அவன எப்பிடி அங்க கொண்டுபோய்ப் போடுவ?”

“அவரு சொன்னது அவரோட. ராவும் பகலும் மொனகுறது எங்காதுலல்ல விழுது.”

“எம் மகன் முனகல. அதனால அவன எடுத்துரலாம். அப்பிடித்தான?”

“நான் அப்பிடிச் சொல்லலக்கா.”

“நீ சொல்ல மாட்ட.”

அடுப்பு பற்றிக்கொண்டது. பூங்காவனம் ஏற்றியிருந்த உலையை இறக்கி வைத்தாள். பற்றிய அடுப்பில் தண்ணீர் ஊற்றி அணைத்தாள். அவ்வளவு பாடுபட்டுப் பற்றவைத்த நெருப்பை அவள் ஏன் அணைத்தாள் என்று ரோசம்மா பின்னாளில் பலரிடம் கேட்டிருக்கிறாள். சாவு வீட்டில் அடுப்பு எரியக்கூடாது என்பது அந்த நேரத்தில் ரோசம்மாவுக்குத் தோன்றவில்லை.

“மம்மட்டி எங்க இருக்கு?” என்றாள் பூங்காவனம்.

மழைக்காலத்து மண்ணில் குழி தோண்டுவது லேசுப்பட்ட வேலை இல்லை. மேட்டில், மரங்களுக்கு நடுவே தோண்டினார்கள். ஒரு முழம் தோண்டுவதற்குள் இரண்டு முழம் தண்ணீர் ஊறியது. இஸ்ரவேல் குழிக்குள் நின்று பால் வாளியால் மொண்டு மொண்டு கொட்டினார். கடைசியில் தண்ணீரோடுதான் இறக்க வேண்டியிருந்தது. மிதக்காமலிருக்கக் கல் வைத்தார்கள். முதல் கல்லை நெஞ்சின் மேல் பூங்காவனம் வைத்தாள். ரோசம்மா மறுபடியும் வாயெடுத்தாள். பூங்காவனம் கையைக் காட்டி நிறுத்தினாள். அந்தி சாய்வதற்குள் சூசையை அந்தப் படுக்கையில் வைத்து மூடியாயிற்று. படுக்கும்போது அவன் நினைவோடுதான் இருந்தான். எந்தப் படுக்கை என்று அவனுக்குத் தெரிந்திருந்தது. தானே காலை நீட்டிக்கொண்டான்.

தை பிறந்தது. ஒரு நாள் காலையில் கூரைச் சத்தம் நின்றது, மறுநாளும் வரவில்லை. மூன்றாம் நாள் ஓடை இளைத்தது. இஸ்ரவேல் எழுப்பத் தொடங்கினார். முதலில் எழுந்தவர்கள் அடுத்தவர்களுக்கு முழிமுகமாக நின்றார்கள், அவர்கள் அதற்கடுத்தவர்களுக்கு. வெயிலில் பாய்கள் காய்ந்தன, சட்டிகள் உருண்டன, குழந்தைகள் அழுதன. செங்கோடன் செத்த சேதி அடுப்பங்கரைகள் வழியாகப் பரவியது. ஆடியில் நடந்த சாவுக்குத் தையில் எப்படி முகத்தை வைத்துக்கொள்வது என்று ஜனங்களுக்குத் தெரியவில்லை. பூங்காவனத்தைக் கண்டால் சிலர் குரலைத் தாழ்த்தினார்கள், சிலர் பாதையை மாற்றினார்கள். அவள் காய்ந்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள்.

சிந்தாமணியைக் கடைசிக்கு வைத்திருந்தார்கள். யார் நிற்பது என்பதில் இழுபறி. அவள் முழித்ததும் கேட்கப்போகிற சேதிக்கு நின்றவளின் முகம்தான் காலத்துக்கும் அடையாளமாகும். சித்தப்பன் பெண்டாட்டிக்குத் தலைவலி வந்தது. கூட வேலை செய்தவளுக்குக் குழந்தைக்குக் காய்ச்சல்.

“நான் நிக்கிறேன்” என்றாள் ரோசம்மா. சூசை இன்னும் படுக்கையில்தான் இருந்தான். டாக்டர் இரண்டாம் கப்பலில் வருவதாகக் கம்பியில்லாத் தந்தியில் சேதி. ஆனாலும் புருஷன் உயிரோடு உள்ளவள். தலைக்குக் குளித்து, மஞ்சள் பூசி, பெரிய பொட்டு வைத்துக்கொண்டு கொட்டகை வாசலுக்கு வந்தாள்.

தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் நின்ற பூங்காவனம் நடந்து வந்து அவள் கையைப் பிடித்தாள்.

“நீ போகாத.”

“ஏங்க்கா? எனக்கு ஒண்ணும் பயமில்ல.”

“ஒன் மொகத்துல முழிச்சா, அவன் எங்கன்னு தேடுவா. சுத்திச் சுத்திப் பாப்பா. வருவான் வருவான்னு வாசலயே பாப்பா. நீ என்னா சொல்லுவ? எம் மொகத்துல முழிச்சா தேட மாட்டா.”

ரோசம்மாவுக்கு அது புரியச் சற்று நேரம் ஆயிற்று. பிறகு வழிவிட்டாள்.

கொட்டகைக்குள் இஸ்ரவேல் மூடியைத் தூக்கிவிட்டு நிமிர்ந்தார். வருகிற ஆளைப் பார்த்ததும் ஒதுங்கி நின்றார். பூங்காவனம் தலைமாட்டில் போய் நின்றாள். அத்தனை வருஷத்தில் அந்த இடத்தில் நின்று அவளுக்குப் பழக்கமில்லை. கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் முந்தானைக்குள் வைத்துக்கொண்டாள்.

சிந்தாமணியின் உதட்டில் நின்றுபோயிருந்த வலிச்சம் முதலில் கலைந்தது. பிறகு இமை அசைந்தது. கண் திறந்து, வெளிச்சத்துக்குக் கூசி மூடி, மறுபடி திறந்து மேலே பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். அவள் வாசலைத் திரும்பிப் பார்க்கவில்லை. பக்கத்துப் படுக்கையைப் பார்க்கவில்லை.

“அத்தே” என்றாள். குரல் ஈர விறகு மாதிரி புகைந்துகொண்டு வந்தது. “எப்ப?”

பூங்காவனம் அவள் நெற்றியில் ஒட்டியிருந்த முடியை ஒதுக்கினாள்.

“மொகம் பாக்கணும்.”

“வச்சிருந்தேன். முடியலம்மா. மண்ணுக்குக் குடுத்துட்டேன்.”

“எப்ப அத்தே?”

ஆடி என்று சொன்னால் அவள் விரல் விட்டு எண்ணுவாள். இத்தனை நாளும் நான் தூங்கிக்கொண்டா இருந்தேன் என்று கேட்பாள். எல்லோரும் சேதி கேட்டு முடித்து, குளித்து, பாய் காயப்போட்டுக்கொண்டிருக்கிற ஊரில் இவள் ஒருத்தி மட்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். பூங்காவனம் குனிந்து மருமகளின் குளிர்ந்த கையை எடுத்துத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டாள்.

“இன்னிக்குன்னு வச்சுக்க” என்றாள். “எனக்கும் இன்னிக்குத்தான்.”

கொட்டகைக்குள்ளிருந்து எழுந்த முதல் குரல் சிந்தாமணியுடையது இல்லை. அவளுக்கு இன்னும் தொண்டை வரவில்லை. அந்தக் குரலைத் தோட்டத்து லய வீடுகளில் யாரும் அதற்கு முன் கேட்டதில்லை. மழையில் கத்திப் பேசிப் பழகிய குரல் என்பதால் கடற்கரை வரைக்கும் கேட்டது. ரோசம்மா வாசலிலேயே உட்கார்ந்து பொட்டைக் கலைக்காமல் கூந்தலை மட்டும் அவிழ்த்துவிட்டாள். மடித்துக்கொண்டிருந்த பாயைப் போட்டுவிட்டு ஒருத்தி வந்தாள். தலைவலிக்காரி வந்தாள். குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு இன்னொருத்தி வந்தாள். தோள் மேல் தோள் போட்டு வட்டம் கூடியது.

மத்தியானம் முதல் கப்பல் வந்தது. அரிசி மூட்டைகளோடு, வேலையைப் பிரித்துக் கொடுக்கிற கண்டாக்கையாவும் வந்து இறங்கினார். வெயில் கொஞ்ச நாள்தான் இருக்கும், மறுநாளே கத்தி வைக்க வேண்டும் என்று அவருக்கு மேலிடத்து உத்தரவு. மேட்டில் ஏறி வந்தவர், லயத்தில் ஓர் அடுப்பிலும் புகை இல்லாததைப் பார்த்து நின்றார்.

“என்னா இது? நாளைக்குப் பால் வெட்டு. யாரும் ஆயத்தமாவே இல்லயே?”

“சாவு வீடுங்க” என்றாள் ரோசம்மா. “பதினாறு கழியட்டும்.”

“சாவா? யாரு?”

“செங்கோடன்.”

கண்டாக்கையா யோசித்தார். “ஓடைக்காரப் பயதானே? அது ஆடியிலன்னு கம்பவுண்டர் சேதி அனுப்பியிருந்தாரே.”

சற்றுத் தள்ளி நின்ற இஸ்ரவேல் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு வேறு பக்கம் பார்த்தார்.

“ஆடியில நீங்க எங்கங்க இங்க இருந்தீங்க?” என்றாள் ரோசம்மா. “இன்னிக்குக் காலயிலதான் செத்தான்.”

அவர் கூட்டத்தைப் பார்த்தார். ஒருவர் முகத்திலும் மறுப்பு இல்லை. அழுகைச் சத்தம் ஓய்ந்து ஓய்ந்து எழுந்துகொண்டிருந்தது. கொஞ்ச நேரம் வெயிலில் நின்றார். பிறகு செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டார். வாசலில் போட்டிருந்த பெஞ்சில் ஆண்கள் நகர்ந்து அவருக்கு இடம் விட்டார்கள்.